துணி உதிர்க்கும் இழை கடலுக்குப் போகும் வழி

துணித் தொழிலால் தண்ணீர் கெடுகிறது என்று சொன்னால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சாயக் கழிவு. அது நியாயம்தான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி துணியில் ஒட்டாமலே வெளியேறிவிடும். சாயம் ஏறுவதற்காகக் கொட்டும் உப்பும் கடைசியில் கழிவுநீரில்தான் சேரும். ஆனால் சாயம் கண்ணுக்குத் தெரியும். ஆற்றின் நிறம் மாறினால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். துணியைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, யாரும் கேள்வி கேட்காத இன்னொரு கழிவுதான் பெரிய கவலை: துணி உதிர்க்கும் நுண்ணிழை.

பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக். உலகில் தயாராகும் மொத்த இழையில் இன்று பாதிக்கு மேல் பாலியஸ்டர் மட்டுமே. இந்தத் துணிகள் உரசும்போதும் நனைந்து கசங்கும்போதும் தலைமுடியைவிட மெல்லிய துண்டுகள் உடைந்து தண்ணீரோடு போகின்றன. 2011-ல் ஆய்வாளர் மார்க் பிரவுன் குழுவினர் உலகெங்கும் 18 கரையோரங்களில் மணலை அள்ளிப் பார்த்தபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் இழைகள் சலவைநீரில் கிடைப்பவற்றோடு ஒத்துப்போயின. 2016-ல் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கு மேல் இழைகள் உதிரும் என்று கணக்கிட்டார்கள். கடலுக்குள் நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்பது இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐயூசிஎன் 2017-ல் வெளியிட்ட மதிப்பீடு.

லட்சக்கணக்கில் எண்ணிக்கை சொன்னால் தலைப்புச் செய்தி ஆகும். ஆய்வகத்தில் நாங்கள் எடையைத்தான் பார்க்கிறோம். இதற்கென்றே ஐஎஸ்ஓ 4484-1 என்ற சர்வதேசத் தரச் சோதனை முறை 2023-ல் வந்தது. அளவாக வெட்டிய துணித்துண்டைச் சிறிய உருளைக்குள் போட்டுத் துவைத்து, அந்தத் தண்ணீரை வடிதாளில் வடித்து, உலர்த்தி எடை போட வேண்டும். துணி எவ்வளவு இழந்தது என்று தெரிந்துவிடும்.

இப்படிச் செய்து பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. இரண்டு துணியிலும் '100% பாலியஸ்டர்' என்றே லேபிள் இருக்கும்; ஒன்று கொஞ்சமாக உதிர்க்கும், மற்றொன்று வடிதாளில் பஞ்சு படியுமளவுக்கு உதிர்க்கும். வித்தியாசம் நூலிலும் நெசவிலும் இருக்கிறது. அறுபடாத நீள இழையான ஃபிலமென்ட் நூல் குறைவாக உதிர்க்கும். குட்டைக் குட்டையாக வெட்டிய இழையை நூற்றால் இழை முனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும், முறுக்கும் தளர்வாக இருந்தால் எளிதில் கழன்றுவிடும். குளிருக்குப் போடும் ஃபிலீஸ் துணியில் மெத்துமெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காகவே பிரஷ் போட்டு இழையைக் கிளப்பி, மேல்பரப்பைக் கத்தரிக்கிறார்கள். அந்த மென்மைக்காகவே இழைகளை அறுத்துவிட்டு, அப்புறம் உதிர்கிறதே என்றால் எப்படி?

அதனால்தான் பழியை முழுக்கச் சலவை இயந்திரத்தின் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. துணி எவ்வளவு உதிர்க்கும் என்பது பெரும்பாலும் ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆலைக்குள்ளேயே உதிரவும் செய்கிறது: சாயமேற்றும் டையிங் இயந்திரத்தில் துணி மணிக்கணக்காகச் சூடான தண்ணீரில் உரசிக்கொண்டு ஓடுகிறது. உற்பத்தியின்போதே ஆண்டுக்குச் சுமார் 1,20,000 டன் செயற்கை நுண்ணிழை வெளியேறுகிறது, அதாவது 500 டி-ஷர்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட் கழிவாகிறது என்பது தி நேச்சர் கன்சர்வன்சி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2021-ல் சொன்ன கணக்கு. ஆலைக் கழிவுநீருக்கு வழக்கமாகச் செய்யும் சோதனையில் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சும் கழிவின் அளவைச் சொல்லும் பிஓடி, சிஓடி, அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச், மிதக்கும் திடப்பொருள் எல்லாம் உண்டு. இழை அந்தத் திடப்பொருள் எடைக்குள் அடங்கிவிடும். மிக லேசானது என்பதால் அறிக்கையில் தெரியவே தெரியாது. அறிக்கை சுத்தமாக இருக்கும், இழை போய்க்கொண்டே இருக்கும்.

சுத்திகரிப்பு நிலையம் பிடித்துவிடாதா? பெரும்பகுதியைப் பிடிக்கும், நல்ல நிலையம் என்றால் 90 சதவீதத்துக்கு மேல். பிடித்தது சேற்றில் தங்கும். அந்தச் சேற்றைப் பல நாடுகளில் உரமாக வயலில் கொட்டுகிறார்கள். அங்கிருந்து மழைநீரோடு மறுபடி கிளம்ப வழி இருக்கிறது.

'சரி, பருத்திக்கு மாறிவிடலாமே' என்று கேட்பவர்கள் நிறைய. இங்கே ஒரு சங்கடம் உண்டு. 2020-ல் ஆய்வாளர் சுவாரியா குழுவினர் உலகக் கடல்களின் 916 நீர் மாதிரிகளை ஆராய்ந்தபோது, மேற்பரப்பில் கிடைத்த இழைகளில் செயற்கை இழை 8.2 சதவீதம்தான். 80 சதவீதத்தை நெருங்கியது பருத்தி, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் போன்ற, தாவரங்களிலிருந்து வரும் செல்லுலோஸ் இழை. மறு ஆண்டு ஆர்க்டிக்கில் நடந்த ஆய்வோ, அங்குள்ள நுண்பிளாஸ்டிக்கில் 92 சதவீதம் செயற்கை இழை, அதிலும் பெரும்பாலானது பாலியஸ்டர் என்றது. இரண்டும் முரண் அல்ல. முதலாவது எல்லா இழைகளையும் எண்ணியது, இரண்டாவது பிளாஸ்டிக்கை மட்டும். பருத்தி மக்கும், ஆனால் சாயமும் ஃபினிஷிங் ரசாயனமும் ஏறிய பருத்தி அவ்வளவு வேகமாக மக்குவதில்லை. மக்காத பிளாஸ்டிக்கையும் மெதுவாக மக்கும் பருத்தியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் 'இயற்கை' என்று எழுதியிருப்பதாலேயே கடலுக்குத் தீங்கில்லாத துணி என்று சான்றிதழும் தர மாட்டேன்.

ஆலைகள் செய்யக்கூடியவை தெளிவாகவே இருக்கின்றன: ஓரங்களைச் சூட்டில் வெட்டி மூடுவது, முதல் சில சலவைகளில்தான் அதிகம் உதிரும் என்பதால் அந்தச் சலவைகளை ஆலையிலேயே செய்து இழையை வடிகட்டிப் பிடிப்பது, பிரஷ் வேலையைத் தேவையான துணிக்கு மட்டும் செய்வது. பிரான்ஸ் 2020-ல் இயற்றிய சட்டம் 2025 முதல் புதிய சலவை இயந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி வேண்டும் என்றது. வடிகட்டி நல்லதுதான். அதே கண்டிப்பு ஆலையின் வடிகுழாய்க்கும் வர வேண்டும்.

வீட்டில் துவைப்பவர்களுக்கு ஒன்று. மென்மையான துணிக்கான 'டெலிகேட்' முறையில் இழை குறைவாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நியூகாசில் பல்கலைக்கழகம் 2019-ல் சோதித்தபோது நேர்மாறாக இருந்தது: அந்த முறையில் தண்ணீர் அதிகம், தண்ணீர் கூடினால் உதிர்வதும் கூடுகிறது. இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி சேர்த்து, குளிர்ந்த நீரில், குறைந்த நேரத்தில் துவைப்பதே மேல். இயந்திரத்தில் பஞ்சைப் பிடிக்கும் வலையான லின்ட் ஃபில்டரில் சேரும் பஞ்சைக் குழாயடியில் அலசாமல் கையால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அலசினால் பிடித்த இழையை நாமே சாக்கடையில் விட்டதாகிவிடும்.