புட்டு ஆவியும் ஒரு புரொசஸர் கூலரும்

"அண்ணா, அந்தப் பெட்டி கத்துறதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, படிக்கேலாமல் கிடக்கு."

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் மேசை போட இடமிருப்பது ஒரே ஒரு அறையில்தான். ஒரு மூலையில் என் கணினி, மறு மூலையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கை. நான் ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணத் தொடங்கினால் போதும், பெட்டிக்குள் இருக்கும் குட்டி விசிறி கூவத் தொடங்கிவிடும். வேலை முடிந்த பிறகும் சும்மா இராது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் ஒரு கூவல், பிறகு அமைதி, மறுபடி ஒரு கூவல். ஒரே சீராக வரும் சத்தத்துக்குக் காது பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தத்துக்குப் பழகவே பழகாது. கணினியின் மூளையான புரொசஸரோடு இலவசமாக வந்த கூலரைக் கழற்றிவிட்டு வேறொன்று போடுவதென்று முடிவானது அப்படித்தான்.

வாங்கப் போகுமுன் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். புரொசஸர் பெட்டியில் 65 வாட் என்று எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பக்கூடாது. ஏஎம்டியின் 65 வாட் ரைசன் புரொசஸர்கள் தேவைப்படும்போது 88 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டவை. இன்டெலின் கோர் ஐ9-13900கே பெட்டியில் 125 வாட், உச்சத்தில் 253 வாட். இழுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும், வேறு போக்கிடமில்லை. 88 வாட் என்றால் பழைய குண்டு பல்ப் ஒன்றின் சூடுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சூட்டின் பெரும்பகுதி சுண்டுவிரல் நகமளவு சிலிக்கன் துண்டிலிருந்து வருகிறது. 18 சென்ரிமீற்றர் அகலமான 1500 வாட் மின்னடுப்பை எடுத்தால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 6 வாட்தான். சிலிக்கன் துண்டில் அதே அளவு இடத்தில் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அடுப்பு தோற்றது.

கூலர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. குளிரை உண்டாக்கும் வேலை எதையும் அது செய்யாது. ஒரு நகமளவு இடத்தில் நெரிபடும் சூட்டை எடுத்து, அகலமான இடத்தில் பரப்பி, காற்றிடம் ஒப்படைக்கும். அவ்வளவுதான். சூடான தேத்தண்ணியைக் கோப்பையிலிருந்து தட்டில் ஊற்றிக் குடிப்பாரே அப்பப்பா, அதே வேலை.

எடுத்துச் செல்வது எப்படி என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கோபுரம் போல் நிற்கும் கூலர்களில் அடியிலிருந்து மேலே வளைந்து போகும் செப்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் தடிப்பம். கெட்டிச் செப்புக் கம்பி என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே வெறும் குழல். அதற்குள் மிகச் சிறிதளவு தண்ணீர். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு இரு முனைகளையும் மூடியிருப்பார்கள்.

நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே, 94 பாகையளவில் கொதித்துவிடும்; மலையில் காற்றழுத்தம் குறைவு. குழாய்க்குள் காற்றே இல்லாததால் தண்ணீர் 40 பாகையிலும் ஆவியாகும். புரொசஸர் பக்கத்தில் ஆவியாகி, அந்த ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மறுபடி தண்ணீராகிறது. புட்டு அவிக்கும்போது நீத்துப்பெட்டியைத் தூக்கியதும் ஆவி கையில் பட்டால் எப்படிச் சுடும்! அதே அளவு சூடான வெறுங்காற்று அப்படிச் சுடாது. ஆவி உங்கள் தோலில் தண்ணீராக மாறும்போது, ஆவியாவதற்கு வாங்கியிருந்த சூடு முழுவதையும் ஒரேயடியாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் இப்படிச் சுமப்பது ஏறக்குறைய 2400 ஜூல். கணக்குப் போட்டால், 100 வாட் சூட்டைக் கொண்டுபோக 24 விநாடிக்கு ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் போதும்.

சரி, மேலே போய்த் தண்ணீரானது கீழே எப்படி வரும்? குழாயின் உட்சுவரில் செப்புத் தூளைச் சூடாக்கி ஒட்டவைத்திருப்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுவதுபோல, அந்தத் தூள் தண்ணீரைச் சூடான பக்கத்துக்கு இழுத்து வருகிறது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, சத்தமும் இல்லை. இந்த யோசனைக்கு ஜெனரல் மோட்டர்ஸில் 1940களிலேயே காப்புரிமை எடுத்தார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் விண்கலங்களுக்காக அதை மீண்டும் செய்து காட்டினார். விண்கலத்துக்கென்று யோசித்தது இன்று என் மேசைக்குக் கீழே இருக்கிறது.

குழாய்களின் மேல்பாதி மெல்லிய அலுமினியத் தகடுகளுக்குள் கோர்த்திருக்கும். 12 சென்ரிமீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் அளவில் 50 தகடுகள் என்று வைத்துக்கொண்டால், இரு பக்கமும் சேர்த்து அரைச் சதுர மீற்றருக்கு மேல் பரப்பு. அந்தத் தகடுகளுக்கிடையே எவ்வளவு காற்று போகவேண்டும்? 100 வாட் சூட்டை ஏற்றுக்கொண்டு காற்று 10 பாகை மட்டும் சூடாகவேண்டுமென்றால் விநாடிக்கு 9 லீற்றர் போதும். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஆறு. மெல்லச் சுற்றும் 120 மில்லிமீற்றர் விசிறிக்கு அது பெரிய காரியமே இல்லை. பிறகு ஏன் பழைய கூலர் கத்தியது? தகடு குறைவு, விசிறி சின்னது. இருந்த கொஞ்சப் பரப்பின் மேல் காற்றை வேகமாக அடித்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

வேகந்தான் சத்தத்தின் தாய். விசிறிப் பொறியியலாளர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு விதி: ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், சத்தமோ 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். ஆக, காற்றில் பாதியை இழந்தால் சத்தத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அந்தக் காற்றை அகலத்தில் திரும்பப் பெறலாம். ஒரே வடிவமுள்ள விசிறிகளில், அதே வேகத்தில், 80 மில்லிமீற்றரை விட 120 மில்லிமீற்றர் மூன்று மடங்குக்கு மேல் காற்றைத் தள்ளும். இரண்டாவது விசிறி பூட்டினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரேமாதிரி விசிறி இன்னொன்று சேர்த்தால் 3 டெசிபெல்தான் கூடும். இரண்டையும் 13 வீதம் மெல்லச் சுற்றவிட்டால் அதுவும் போய்விடும்.

சத்தத்தின் அளவு மட்டுமல்ல, சுருதியும் முக்கியம். ஏழு இதழ் விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் இதழ்கள் விநாடிக்கு 350 தடவை காற்றை வெட்டும். 350 ஹேர்ட்ஸ்! சங்கீதம் படித்தவர்களுக்குச் சொன்னால், நாலு கட்டை. ஒன்பது இதழ் விசிறி 900 சுற்றில் ஓடினால் 135 ஹேர்ட்ஸ். ஒன்றரைக் கட்டைக்குக் கொஞ்சம் கீழே, ஆண் குரலின் இடம். நம் காது இந்தத் தாழ்ந்த சுருதிகளை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. தங்கைக்கு இடைஞ்சலாக இருந்தது அந்த நாலு கட்டைதான் என்று நினைக்கிறேன்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடைத் தம்பி இரண்டு பெட்டிகளை முன்னால் வைத்தார். "அண்ணை, இது லைட் எல்லாம் எரியும். இது பிளேன்." நான் பிளேனை எடுத்து விசிறியை விரலால் சுண்டிப் பார்த்தேன். நல்ல பேரிங் (சுற்றும் அச்சைத் தாங்கும் பகுதி) உள்ள விசிறி சத்தமில்லாமல் சுற்றி, மெல்ல நிற்கும். கரகரப்பு கேட்டால் வைத்துவிடலாம். திரவ பேரிங் உள்ளவை அமைதியாக நீண்டகாலம் ஓடும். சாதாரண ஸ்லீவ் பேரிங் மலிவு, ஆனால் தேய்ந்ததும் முனகும். இதழ் நுனிக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளியையும் பாருங்கள். நொக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 விசிறியில் அது அரை மில்லிமீற்றர். அவர்களின் மண்ணிற விசிறிக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இப்படிப்பட்ட நுணுக்கத்துக்குத்தான். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. பெட்டியில் "220 வாட் தாங்கும்" என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அதை அளக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை இல்லை. உயரத்தை மட்டும் கட்டாயம் அளந்துகொண்டு போங்கள். இந்தக் கோபுரங்கள் 155 முதல் 165 மில்லிமீற்றர் வரை வரும், கேசிங் மூடி மூடாமல் போனால் பிறகு திரும்பவும் பஸ் ஏற வேண்டும்.

இனி கொழும்புக் கணக்கு. இணையத்தில் வரும் சோதனைகள் பலவும் 20, 22 பாகை அறையில் செய்தவை. எங்கள் அறை ஏப்ரலில் 31, 32. கூலர் அறைக்காற்றை விடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. காற்றுக்கு மேல் எத்தனை பாகை என்பதைத்தான் அது தீர்மானிக்கும். அவர்கள் 65 பாகை என்று காட்டினால் இங்கே 75 என்று வாசியுங்கள். 75 ஒன்றும் ஆபத்தில்லை. ரைசன் 7000 வரிசையில் பல புரொசஸர்கள் 95 பாகை வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் பத்துப் பாகை சேமிப்பு கையிலிருந்து போய்விட்டது, அதற்காக ஒரு அளவு பெரிய கூலர் எடுப்பது இங்கே ஊதாரித்தனம் ஆகாது. ஈரப்பதனைப் பற்றிக் கவலை வேண்டாம். நமக்குப் புழுங்குவது வியர்வை காயாததால். அலுமினியத் தகட்டுக்கு வியர்ப்பதில்லை.

பூட்டியதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடித்து, பெருமையோடு எக்ஸ்போர்ட் பண்ணினால் 90 பாகை! பழைய கூலரே மேல் போலிருந்தது. புரொசஸருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் குறைவோ என்று கழற்றினேன். கூலரின் அடியில், செப்பு முகத்தில், கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "பூட்டுமுன் உரிக்கவும்" என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பேஸ்ட்டின் வேலை இரு உலோக முகங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. அதற்கு ஒரு பட்டாணி அளவு போதும். நான் அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் போர்வையைப் போர்த்தியிருந்தேன். உரித்துப் பூட்டியதும் 74.

ஆனாலும் பிரவுசர் திறக்கும்போது வந்த அந்த ஏறி இறங்கும் கூவல் முழுக்கப் போகவில்லை. தாழ்ந்த குரலில் தொடர்ந்தது. இது கூலரின் பிழையில்லை. சிலிக்கன் மிகச் சின்னது என்பதால் ஒரு நொடி வேலைக்கும் அதன் வெப்பநிலை 15 பாகை துள்ளும். விசிறி அதைப் பார்த்து ஓடத் தொடங்குகிறது. ஆனால் மேலே இருக்கும் 800 கிராம் உலோகத்துக்கு அந்தத் துள்ளல் தெரியவே தெரியாது. செப்பும் அலுமினியமும் கலந்த அதை ஒரு பாகை சூடாக்க 500 ஜூலுக்கு மேல் வேண்டும். 100 வாட் தொடர்ந்து 5 விநாடிக்கு மேல் ஊற்றினால்தான் ஒரு பாகை. வன்னிக் குளம் மாதிரி. ஒரு மழைக்கு அடித்துப் பாய்ந்து வரும் வெள்ளத்தைக் குளம் வாங்கி வைத்துக்கொள்ளும், வான்கதவை உடனே திறக்க ஓடவேண்டியதில்லை.

பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) விசிறி அமைப்புக்குப் போனால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாமதம் வைக்க இடமிருக்கும். ஏற 5 விநாடி, இறங்க அதைவிடக் கொஞ்சம் கூட வைத்தேன். 65 பாகை வரை விசிறியை முழு வேகத்தின் 35 வீதத்திலேயே விட்டேன். அதற்கு மேல் மெல்ல ஏறி 85இல் 70 வீதம். காசு செலவில்லாத இந்த வேலை, கூலர் மாற்றியதில் பாதிக்குச் சமம். பழைய குட்டிக் கூலரிலேயே இதைச் செய்து பார்த்திருக்கலாமே என்றால், கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் அதன் குளம் சின்னக் குட்டை.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தூசி இங்கே ஈரத்தோடு சேர்ந்து தகடுகளுக்கிடையே கம்பளி போல் அப்பியிருந்தது. பழைய வர்ணத் தூரிகை ஒன்றால் தட்டி எடுத்தேன். விசிறியை ஊதும்போது அது சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய சத்தம் ஒன்று அடங்கினால் அதற்குக் கீழே ஒளிந்திருந்தது கேட்கத் தொடங்கும். முதலில் பவர் சப்ளையின் விசிறி. அதையும் பழகியாயிற்று. இப்போது தங்கைக்கு இடைஞ்சல் சுவர் மணிக்கூடு. பரீட்சை முடியும்வரை அதன் பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறோம்.