முழுநீளப் படத்தை எச்.264-இலேயே வெட்டாதீர்கள்

"கட் லாக் ஆயிடுச்சு, சீக்கிரம் டிஐ முடிச்சுக் கொடுங்க" என்று ஒரு ஹார்ட் டிஸ்க் வருகிறது. வெட்டு முடிவாகிவிட்டது, இனி அசல் கோப்புகளில் நிறம் திருத்திப் படத்தை முடிக்க வேண்டும் என்று பொருள். திறந்தால் டைம்லைன் முழுக்க கேமரா கார்டிலிருந்து நேராக இறக்கிய எச்.264, எச்.265 கோப்புகள் (அளவைச் சுருக்கி எழுதும் வீடியோ வடிவங்கள்). பாதி விநாடிக்கு 23.976 ஃபிரேம், பாதி 24, நடுநடுவே போனில் எடுத்த ஷாட்டுகள். கார்டுக்குக் கார்டு ஒரே பெயர். டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடும் நேர எண்) எல்லாவற்றிலும் பூஜ்யத்தில் தொடங்குகிறது. இரண்டரை மணி நேரப் படத்தை ஒவ்வொரு ஷாட்டாகக் கண்ணால் பார்த்துத்தான் அசல் கோப்போடு பொருத்தியாக வேண்டும். எப்போதாவது ஒரு படம் இப்படி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது அடுத்தடுத்து இப்படியே வருவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஏன் ப்ராக்ஸி (வெட்டுவதற்கென்று செய்யும் இலகுவான நகல்) செய்யவில்லை என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "ஃபைல் சின்னதுதானே, சிஸ்டம் தாங்கும்." தாங்காது. கோப்பின் அளவு வேறு, அதைப் பிரித்துத் திரையில் காட்டக் கணினி படும் பாடு வேறு. எச்.264-இல் பதிவாகும்போது எல்லா ஃபிரேமும் முழுப் படமாக எழுதப்படுவதில்லை. 12 ஃபிரேமுக்கு ஒன்று முழுதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 11-உம் "முன்பு இருந்ததில் இந்த இடம் மட்டும் இவ்வளவு நகர்ந்தது" என்ற குறிப்புகள்தான். அடுத்து வரப்போகும் ஃபிரேமை நம்பி எழுதிய குறிப்புகளும் அவற்றில் உண்டு. நீங்கள் 11ஆவது ஃபிரேமில் கர்சரை வைத்தால், கணினி முதலாவதிலிருந்து வரிசையாக அவிழ்த்துக்கொண்டு வந்தால்தான் அதைக் காட்ட முடியும். ஜே விசையை அழுத்திப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், எங்கே திணறுகிறது என்று தெரியும். படம் பார்ப்பவர் முன்னோக்கி மட்டும் ஓட்டுவார். இந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) அவருக்காகச் செய்தது. எடிட்டரோ இரண்டு ஃபிரேம் கூட்டி ஒரு ஃபிரேம் குறைத்து, முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருப்பவர். மூன்று கேமராவை ஒன்றாக ஓட்டி வெட்டும் மல்டிகேம் என்றால் இந்தப் பாடு மூன்று மடங்கு.

எடிட்டிங்குக்கான கோடெக்குகளான ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தனக்குத் தானே முழுமை. கோப்பு பெரிதாகும், ஆனால் எந்த ஃபிரேமைக் கேட்டாலும் அதை மட்டும் எடுத்துக் காட்டிவிடும். "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கோமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல எழுதுவது எச்.265, 10 பிட், 4:2:2 (நிற விவரம் பதிவாகும் அளவு). என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் அதைப் பிரிக்க வன்பொருள் வசதியே கிடையாது.

அடுத்த பயம், "ப்ராக்ஸியில் வெட்டினால் குவாலிட்டி போயிடும்" என்பது. ப்ராக்ஸி வெட்டுவதற்கு மட்டும். டிஐ-க்குப் போவது கேமராவின் அசல் கோப்பு. எதிர்ப்பக்கத்தில், அசலை ப்ரோரெஸ் 4444-க்கு மாற்றினால் தரம் கூடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. கேமரா 8 பிட்டில் எழுதிய லாக் படத்தில் (பின்னர் நிறம் திருத்துவதற்காக வெளிறிய சாயலில் எழுதுவது) வானம் பட்டை பட்டையாக உடைந்தால், எந்தக் கோடெக்குக்கு மாற்றினாலும் அந்தப் படிகள் திரும்ப வராது. அதைக் கேமரா மெனுவில்தான் சரிசெய்ய முடியும், அதுவும் எடுப்பதற்கு முன்.

கணக்கைப் பாருங்கள். 1920×1080, 24 ஃபிரேமில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி விநாடிக்குச் சுமார் 36 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 16 ஜிபி. 100 மணி நேர ஃபுட்டேஜ் 1.6 டிபி, ஒரு 2 டிபி எஸ்எஸ்டியில் படமே அடங்கும். அதே ஃபுட்டேஜை யுஎச்டி (3840×2160) ப்ரோரெஸ் 422 எச்க்யூ-வாக மாற்றினால் விநாடிக்கு 707 மெகாபிட், 100 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 32 டிபி. மூன்று கேமரா ஒன்றாக ஓடினால் விநாடிக்கு 265 எம்பி. யுஎஸ்பியில் தொங்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க் அந்த வேகம் தராது. ஆகவே 1080 ப்ராக்ஸி போதும். அவிட் மென்பொருளில் வெட்டுகிறவர்களுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, கிட்டத்தட்ட அதே அளவுதான். ரஃப் கட்டைப் பெரிய திரையில் போட்டுக்காட்டும் எண்ணம் இருந்தால் ப்ரோரெஸ் எல்டி, 82 மெகாபிட். எதை எடுத்தாலும் கடைசி நாள் ஷூட் வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உண்மையில் படங்களைக் கவிழ்க்கும் இடம். கார்டு ஒன்றில் சி0007 என்று ஒரு ஷாட். கார்டு ஒன்பதிலும் சி0007 என்று ஒரு ஷாட். இரண்டுக்கும் டைம்கோட் 00:00:00:00-இல் தொடக்கம். எடிட்டர் பயன்படுத்தியது ஒன்பதாவது கார்டின் ஷாட்டில் நான்காவது விநாடி முதல் ஏழாவது விநாடி வரை. கன்ஃபார்மில், அதாவது வெட்டை அசல் கோப்புகளோடு பொருத்தும்போது, மென்பொருள் தேடுவது "சி0007, 4 முதல் 7" என்பதைத்தான். கார்டு ஒன்றிலும் அது இருக்கிறது, எடுத்து வைத்துவிடும். சிவப்பு அடையாளம் வராது, மீடியா ஆஃப்லைன் என்று எச்சரிக்காது. நாயகியின் க்ளோஸ்-அப் இருந்த இடத்தில் வேறொரு நாளின் வெறும் தெரு ஓடும். எடிட்டர் வெட்டி முடித்த வீடியோவை (ஆஃப்லைன் கட்) ரெஃபரன்ஸாகக் கீழே போட்டு ஒப்பிட்டால்தான் அகப்படும். அந்த ரெஃபரன்ஸ் வீடியோவைக் கொடுக்காமலே டிஸ்க் அனுப்புகிறவர்கள் அநேகம்.

இதைத் தடுக்க, கேமராவில் டைம்கோடை ஃப்ரீ ரன்னில் (பதிவு நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும் முறை), அன்றைய கடிகார நேரத்துக்கு வையுங்கள். கோப்பின் முன்னொட்டைக் கார்டுக்குக் கார்டு மாற்றுங்கள்: ஏ001, ஏ002, இரண்டாவது கேமராவுக்கு பி001. அந்த வசதி இல்லாத கேமரா என்றால் கார்டு எண்ணில் ஃபோல்டர் போட்டு, ரிசால்வ் மென்பொருளில் ரீல் பெயரை (எந்தக் கார்டு என்று காட்டும் பெயர்) ஃபோல்டர் பெயரிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். ப்ராக்ஸி உருவாக்கும் முன் செய்தால்தான் பயன். இடிஎல் (வெட்டுப் பட்டியல்) மட்டும் அனுப்பாதீர்கள், பழைய சிஎம்எக்ஸ் 3600 வடிவத்தில் ரீல் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். வெட்டு விவரத்தை விரிவாகத் தாங்கும் எக்ஸ்எம்எல் அல்லது ஏஏஎஃப் கோப்பும் சேர்த்துக் கொடுங்கள்.

ப்ராக்ஸிக்கும் அசலுக்கும் பெயர், டைம்கோட், ஃபிரேம் ரேட், நீள அகல விகிதம், ஆடியோ சேனல் எண்ணிக்கை ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். அசலில் 4 சேனல், ப்ராக்ஸியில் 2 என்றால் ப்ரீமியர் மென்பொருளில் இணைக்கவே விடாது.

ஃபிரேம் ரேட்டில் தயவுசெய்து கவனம். பல மிரர்லெஸ் கேமராக்களில் மெனு "24" என்று காட்டும், எழுதுவது 23.976. டிசிபி (திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) ஓடுவது சரியாக 24-இல். சரியாக 24-இல் எடுத்த ஷாட்டை 23.976 டைம்லைனில் அப்படியே போட்டால் சுமார் 42 விநாடிக்கு ஒரு ஃபிரேம் விழும். வேகத்தைக் குறைத்துப் பொருத்தினால், தனியாகப் பதிவான ஒலி மணிக்கு 3.6 விநாடி விலகும். ட்ரோன், கிம்பல் கேமரா உட்பட அத்தனையிலும் ஒரே ரேட் வையுங்கள். போன் கோப்புகளில் ஃபிரேம் ரேட் நிலையாகவே இருக்காது, எடிட்டுக்குள் கொண்டுவரும் முன் நிலையான ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த மாற்றிய கோப்புதான் இனி அசல்.

கார்டை இழுத்துப் போட்டுக் காப்பி எடுக்காதீர்கள். காப்பி அசலோடு ஒத்திருக்கிறதா என்று எம்டி5 அல்லது எக்ஸ்எக்ஸ்ஹாஷ் குறியீட்டால் சரிபார்க்கும் மென்பொருளில், கார்டின் ஃபோல்டர் அமைப்பு கலையாமல், இரண்டு வேறு டிஸ்க்குகளுக்கு எடுங்கள். இரண்டும் சரிபார்க்கப்படும் வரை கார்டை யாரும் ஃபார்மட் செய்யக்கூடாது, அவசரம் யாருடையதாக இருந்தாலும்.

ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். படத்தை ரீல்களாகப் பிரித்துக் கொடுக்கும்போது ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குள், முதல் ரீல் 01:00:00:00-இல் தொடக்கம், படம் 01:00:08:00-இல், அதற்கு 2 விநாடி முன்னால் ஒலியைப் படத்தோடு பொருத்த ஒரு பீப். சிஜிக்கு (கணினி வரைகலை) போகும் ஷாட்டுகளுக்கு இருபுறமும் 8 முதல் 12 ஃபிரேம் கைப்பிடி (வெட்டுக்கு வெளியே கூடுதல் ஃபிரேம்) விடுங்கள். ப்ராக்ஸி டைம்லைனிலிருந்தே ஒரே நீளக் கோப்பாக எக்ஸ்போர்ட் எடுத்து "இதில் கலர் பண்ணுங்க" என்று கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒளிப்பதிவாளர் அசலில் சேர்த்துவைத்த விவரம் எதுவும் அதில் இருக்காது.

ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு, படத்தில் பயன்படப்போகும் எல்லாக் கேமராக்களிலும் கிளாப் அடித்து, தனி ஒலியோடு ஒரு நிமிடம் எடுங்கள். காப்பி எடுத்து, ப்ராக்ஸி செய்து, பத்து ஷாட்டாக வெட்டி, ஒரு டிசால்வும் ஒரு ஸ்பீடு மாற்றமும் வைத்து எக்ஸ்எம்எல்லை டிஐ-க்கும் ஏஏஎஃப்பை ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அனுப்புங்கள். பத்து ஷாட்டும் அசல் கோப்போடு ஃபிரேம் பிசகாமல் உட்கார்ந்ததா, கிளாப் சத்தம் உதட்டசைவோடு நின்றதா என்று அவர்களிடமிருந்து பதில் வாங்கிக்கொண்டு முதல் நாள் ஷூட்டுக்குப் போங்கள்.