தன் கண் தாவுவதைத் தானே பார்க்க முடியாது

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். அப்புறம் வலது கண்ணைப் பாருங்கள். கண் நகர்ந்தது தெரிந்ததா? எத்தனை முறை முயன்றாலும் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கோ நன்றாகத் தெரியும். பார்வை தாவும் நேரத்தில் வரும் காட்சியை நம் மூளை பெரும்பாலும் அமுக்கிவிடுகிறது. அதனால் கண்ணசைவை அறிய, கண்ணுக்குச் சொந்தக்காரரைக் கேட்டுப் பயனில்லை. வெளியிலிருந்துதான் அளக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இது பெரும் அவஸ்தை. 1898இல் எட்மண்ட் ஹியூயி என்பவர் கண்ணின்மேல் பிளாஸ்டர் மூடியைப் பொருத்தி, அதில் இணைத்த முள்ளைக் கொண்டு அசைவைப் பதிவு செய்தார். 1901இல் டாட்ஜ், கிளைன் என்ற இருவர் கண்ணைத் தொடாமலே, கார்னியாவில் (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் ஒளிபுகும் படலம்) பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படமாகப் பதித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான், ஏனென்றால் இன்றைய வீடியோ கருவிகளும் அந்த ஒளியைத்தான் நம்பியிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழிமேல் பாய்ச்சுகிறார்கள். கேமராவில் கண்மணி கருவட்டமாகவும், கார்னியாவில் ஒளி பட்ட இடம் சிறு வெண்புள்ளியாகவும் விழும். தலை லேசாக நகர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நகரும். கண் திரும்பினால் கண்மணி அதிகமாக நகரும், வெண்புள்ளி அவ்வளவு நகராது. இவற்றுக்கு இடையே உள்ள தூரமும் திசையும்தான் கண் எங்கே திரும்பியது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒவ்வொருவர் கண்ணின் அமைப்பும் வேறு என்பதால், முதலில் திரையில் தெரியும் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவியைப் பழக்குகிறார்கள். இந்த நேரத்தில் மை தீட்டிய இமைமுடி பெரிய தொல்லை. கருவி அதைக் கண்மணி என்று நினைத்துக்கொள்ளும்!

வேகமும் முக்கியம். 10 பாகைத் தாவல் ஏறக்குறைய 45 மில்லிவினாடியில் முடிந்துவிடும். வினாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் அதற்குள் ஒன்றிரண்டு படங்களே கிடைக்கும். 500 படம் எடுக்கும் கேமராவில் இருபதுக்கும் மேல் கிடைக்கும். தாவலின் உச்ச வேகத்தை அளக்க இரண்டாவதுதான் உதவும்.

சரி, தலைசுற்றல் என்று வருபவர்களின் கண்ணசைவை மருத்துவர்கள் அளப்பது புரிகிறது, நோயில்லாதவர்களை ஏன் அளக்க வேண்டும்? அவர்களுடைய கண்ணும் பிசிறில்லாமல் இயங்குவதில்லை என்பதுதான் காரணம். திடீரென ஒரு புள்ளி தோன்றினால், அதை நோக்கித் தாவ ஏறக்குறைய 200 மில்லிவினாடி ஆகும். வயது ஏறினால் இன்னும் தாமதமாகும். நகரும் புள்ளியைக் கண் வழுக்கிக்கொண்டே தொடரும், ஆனால் வேகம் கூடினால் பின்தங்கி, குட்டித் தாவல்களால் எட்டிப் பிடிக்கும். ஓரத்தை நோக்கி மிக அதிகமாகப் பார்த்தால், நல்ல ஆரோக்கியமானவரின் கண்கூட லேசாகத் துடிக்கலாம். இருட்டில், பார்வைக்குப் பிடிமானம் இல்லாதபோதும் சிலருக்கு அப்படி ஆகும். இந்த இயல்பான எல்லைகள் தெரியாமல் தலைசுற்றல் என்று வந்தவரின் பதிவைப் பார்க்கும் மருத்துவர், இல்லாத நோயை அதில் கண்டுவிட முடியும். சோதனைக்கு வந்தவர் அரைத்தூக்கத்தில் இருந்தாலும் அதே ஆபத்துதான், கண்கள் மெல்ல அலையத் தொடங்கிவிடும். அதனால்தான் பரிசோதனையின்போது ஓயாமல் பேச்சுக் கொடுக்கிறார்கள், கணக்குப் போடச் சொல்கிறார்கள்.