எல்லாமே 'ஃபாஸ்ட்' இல்லை

ஹட்டனில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகள் ஒரு பக்கம், எல்ல, நுவரெலியாப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகிற இளைஞர்கள் இன்னொரு பக்கம். வேகத்தைப் பற்றி எதைச் சொல்லச் சொன்னாலும் இரண்டு வகுப்பிலும் வருவது 'ஃபாஸ்ட்', 'ஸ்லோ' என்ற இரண்டு சொற்கள்தான். சிலர் 'ஃபாஸ்ட்லி' என்பார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை, 'ரன் ஃபாஸ்ட்' என்றாலே போதும். அதைத் திருத்த இரண்டு நிமிடம் ஆகாது. என் கவலையெல்லாம், எது வேகம் என்று யோசிக்காமலேயே ஒரு சொல்லைத் தூக்கிப் போடுவதைப் பற்றித்தான்.

நாம் வீட்டில் பேசுவதைக் கவனியுங்கள். "காலையில சீக்கிரம் எழும்பு", "சீக்கிரம் சாப்பிடு", "சீக்கிரம் மழை வரும்". நமக்கு மூன்றுக்கும் ஒரே சொல் போதும், கேட்பவருக்கும் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஏர்லி', அதாவது வழமையான நேரத்துக்கு முன்பே. இரண்டாவது 'குயிக்லி', செய்து முடிக்க எடுக்கும் நேரம் குறைவு. மூன்றாவது 'ஸூன்', இப்போதிலிருந்து கொஞ்ச நேரத்தில். 'ஃபாஸ்ட்' பெரும்பாலும் ஓட்டத்தின் வேகத்துக்கு உரியது.

இதை விளக்க நான் ரயிலைத்தான் எடுப்பேன், ஏனென்றால் எல்லாப் பிள்ளைக்கும் அது தெரியும். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு சுமார் 290 கிலோமீட்டர். மலை ஏறி வருவதால் வழமையாக ஒன்பது, பத்து மணித்தியாலம் எடுக்கும். ஆகவே அது 'ஸ்லோ' ரயில். ஆனால் அந்த ஸ்லோ ரயில் ஹட்டனுக்குச் சொன்ன நேரத்தில் வந்து நின்றால் அது 'ஆன் டைம்'. வேகமாக ஓடுகிற ரயிலும் பிந்தி வந்தால் 'லேட்'. ஓட்டம் வேறு, நேரம் வேறு. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. பிந்தி வந்ததை 'கேம் லேட்லி' என்று எழுதுகிறார்கள். 'லேட்லி' என்றால் அண்மைக் காலமாக என்று பொருள். பிந்தியதைச் சொல்ல வெறும் 'லேட்' போதும். கடிகாரத்துக்கு மட்டும் வழக்கு வேறு: ஐந்து நிமிடம் முந்திக் காட்டினால் 'ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்'. அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அதில் யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் பிழை விட்டால் புள்ளி போகும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. மலையகத்தில் பல குடும்பங்களில் அம்மா, தாத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான். பார்க்கிற டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். நடுவில் நிற்பது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை, கையில் இருப்பது பள்ளிக்கூட ஆங்கிலம். தாத்தாவுக்குச் சட்டென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்பதை அந்தப் பிள்ளை 'இட் கேம் ஃபாஸ்ட்' என்று சொல்கிறது. டாக்டர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? ஒரு நாளுக்குள் கூடியதா, ஒரு நொடியில் வந்ததா?

அங்கே தேவைப்படுகிற சொல் 'சடன்' அல்லது 'சடன்லி'. முன்னறிவிப்பில்லாமல், நின்ற நிலையில் வந்தது என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல்லாக 'ஸ்லோ' வராது, 'கிராஜுவல்' வரும்: நாளாக நாளாக, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டுக்கும் நடுவில் 'ரேபிட்' இருக்கிறது. தொடங்கியது ஒரு நொடியில் இல்லை, ஆனால் தொடங்கிய பிறகு கடகடவென்று கூடியது. நோய் எப்படித் தொடங்கியது என்பது டாக்டர் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று. பாரிசவாதம் பெரும்பாலும் சட்டென்றுதான் வரும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். அதனால் 'சடன்லி' என்ற சொல்லோடு, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரிசவாதத்தை அடையாளம் காண ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்றே ஒரு குறிப்பு உண்டு. முகம், கை, பேச்சு, நேரம் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்து, ஒன்று இருந்தாலும் நேரத்தைக் கடத்தாமல் 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மூச்சு விஷயத்திலும் இதே குழப்பம். 'ஃபாஸ்ட் பிரீதிங்' என்றால் டாக்டருக்கு அது எண்ணிக்கை. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை, அழாமல் அமைதியாக இருக்கும்போது, நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது ஃபாஸ்ட். நெஞ்சு அடைக்கிறது, மூச்சுக் கிடைக்கவில்லை என்பதற்கு 'ஷார்ட் ஆஃப் பிரெத்' என்று சொல்ல வேண்டும். சொல் வரவில்லை என்றால் நெஞ்சைக் காட்டிச் செய்துகாட்டுங்கள். எண்ணிப் பார்த்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். தவறான சொல்லை விட அது நூறு மடங்கு மேல்.

ஹோட்டல் வகுப்பில் வேறு பாடம். வேகத்தைச் சொல்கிற சொல்லிலேயே பாராட்டும் குறையும் ஒட்டிக்கொண்டிருக்கும். விருந்தாளி ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டார் என்று வையுங்கள். அவருக்குப் பிடித்திருந்தால் 'லெஷர்லி' என்று எழுதுவார். பிடிக்காவிட்டால் 'ஸ்லோ சேர்விஸ்' என்று எழுதுவார். நேரம் ஒன்றுதான். அதேபோல உடனே செய்து கொடுத்தால் 'பிராம்ப்ட்', அவசரப்பட்டுக் கெடுத்தால் 'ஹேஸ்டி', சாப்பிட விடாமல் தட்டை எடுத்தால் 'ரஷ்ட்'. இந்த ஐந்தையும் தெரிந்துகொண்டால் விருந்தாளி எழுதிய குறிப்பை வாசித்து எங்கே பிழை என்று கண்டுபிடிக்கலாம். மேலாளர் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'ஸ்லோ' எப்போதும் குறை என்றும் இல்லை. இத்தாலியில் 1986 அளவில் தொடங்கிய 'ஸ்லோ ஃபுட்' இயக்கத்துக்குப் பிறகு 'ஸ்லோ டிராவல்' என்ற பேச்சும் வந்துவிட்டது. எல்லவுக்கு ரயிலில் வருகிற பலருக்கு அந்த மெதுவான பயணம்தான் வேண்டும். தோட்டத்தில் 'கோ ஸ்லோ' என்றால் அது தொழிற்சங்கப் போராட்டம் என்பதை நம் ஆட்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'பிரிஸ்க்'. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு டாக்டர் 'பிரிஸ்க் வோக்' போகச் சொல்வார். ஓட்டமும் இல்லை, உலாவலும் இல்லை. நடந்துகொண்டே பேச முடியும், பாட்டுப் பாட மூச்சுப் போதாது, அந்த அளவு வேகம். இதே சொல்லைத் தேயிலை ருசி பார்ப்பவர்களும் சொல்கிறார்கள். சாயம் வாயில் உயிர்ப்போடு, சுறுக்கென்று இருந்தால் 'பிரிஸ்க்', சப்பென்று இருந்தால் 'ஃபிளாட்'. டிம்புல, நுவரெலியாத் தேயிலையைப் பற்றிய குறிப்புகளில் இந்தச் சொல்லை அடிக்கடி பார்க்கலாம். நம் அம்மாக்கள் பறித்த கொழுந்துக்கு உலகச் சந்தையில் வைத்த சொல் இது. அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கடைசியாக, பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில் 'ஸ்லோ' என்று எழுதி வரலாம். வீட்டில் யாராவது அதை 'மந்தம்' என்று வாசித்துச் சொல்லிவிடுகிறார்கள், பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அப்படி விடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய், எதில் ஸ்லோ என்று கேளுங்கள். வாசிப்பதிலா, கணக்குப் போடுவதிலா, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலா? வாசிப்பது என்றால் தினமும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வையுங்கள். கரும்பலகை என்றால் முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்ப் பார்வையைச் சோதியுங்கள்.