மயங்கி விழுந்தால் முதலில் ஜன்னலைத் திறங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகம் எடுக்கும்போதெல்லாம் அதன் பின்னணியாக 1692-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் சேலத்தில் நடந்ததை முதலில் சொல்வேன். சில சிறுமிகள் வலிப்பு கண்டவர்கள்போல் துடிக்க, ஊர் சூனியக்காரிகளைத் தேடியது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். எண்பது வயது தாண்டிய ஒருவரை உடம்பின் மேல் கல்லேற்றி அழுத்திக் கொன்றார்கள். "அந்தக் காலத்து ஜனங்க மேம்" என்பார்கள் பிள்ளைகள். ஒரு டிசம்பருக்குப் பிறகு எங்கள் வகுப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அன்று விடியற்காலை விடுதியில் ஒரே அறையில் இரண்டு மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குள் இன்னும் மூன்று பேர். மூச்சு முட்டுது, கை மரத்துப்போச்சு என்று ஒரே அழுகை. அதற்குள் சூனியம் வைத்தவள் இவள்தான் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு பெயர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. முதலில் விழுந்தவளோடு முந்தின நாள் துணி காயப்போடும் கயிற்றுக்காகச் சண்டை போட்ட பெண். அவள் பாட்டி பச்சிலை மருந்து கொடுப்பவர். இவ்வளவுதான் ஆதாரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. "நான் எதுவும் செய்யல" என்று அவள் அழுதாள். "செஞ்சவ ஒத்துக்குவாளா?" என்றார்கள். என்ன பதில் சொன்னாலும் குற்றவாளியாக்கும் கேள்வி இது. சேலத்தில் ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்களில் ஒருவரும் தூக்கில் ஏறவில்லை. செய்யவில்லை என்று கடைசிவரை சொன்னவர்கள்தான் ஏறினார்கள்.

நானும் தவறு செய்தேன். "இது மாஸ் ஹிஸ்டீரியா, ஒருத்தர் பயம் கூட்டத்துக்கே தொத்திக்கிறது, பயப்படாதீங்க" என்று வார்டனிடம் அடித்துச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய முதல் கேள்வி, "ராத்திரி ரூம்ல கரி வெச்சீங்களாம்மா?"

வைத்திருந்தார்கள். குளிருக்காக ஒரு இரும்புச் சட்டியில் கரி நெருப்பு, ஜன்னலும் கதவும் சாத்தி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம், அப்புறம் தூக்கத்திலேயே உயிர் போகும். அந்த இருவருக்கும் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். மற்ற மூவர் வேறு மாடி, அவர்கள் அறையில் கரியே இல்லை. தோழிகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்த பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டிருக்கிறார்கள். அப்படி விட்டால் விரல் நிஜமாகவே மரக்கும். தயவுசெய்து அவர்களை 'நடிக்கிறாள்' என்று சொல்லாதீர்கள். ஹிஸ்டீரியா என்பது விஷவாயு, கெட்ட உணவு, காய்ச்சல் எல்லாம் இல்லை என்று ஆன பிறகு டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தை.

எல்லோரும் திரும்பி வந்த பிறகு அந்தக் காலையைக் கரும்பலகையில் எழுதினோம். யார், எத்தனை மணிக்கு, எந்த அறை. கண்ணால் பார்த்தது வெள்ளை சாக்பீஸ், கேள்விப்பட்டது மஞ்சள். பலகை முக்கால்வாசி மஞ்சளாக நின்றது. குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் வந்து கிள்ளியது என்பதைக்கூட சேலத்தில் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். 1693-ல் புதிய நீதிமன்றம் அதை ஒதுக்கியதும் பெரும்பாலான வழக்குகள் நிற்கவில்லை.

அதே கண்ணோடு அவர்களுடைய அசைன்மென்ட்டையும் பார்க்கச் சொன்னேன். நாடகத்தில் மற்றவர்கள்மேல் பழி சுமத்தும் பெண்ணான அபிகெயிலுக்கு 17 வயது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அது நாடகத்து வயது. நிஜ அபிகெயிலுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோதான். இது வரலாறு அல்ல என்று மில்லரே நாடகத்தின் தொடக்கத்தில் குறிப்பு வைத்திருக்கிறார். கோதுமை போன்ற ரை தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சைதான் காரணம் என்று யூடியூப் பார்த்து எழுதியவர்கள் பாதிப் பேர். 1976-ல் 'சயின்ஸ்' இதழில் அந்தக் கருத்து வந்தது உண்மை. அதே ஆண்டு அதே இதழில் அதற்கு விரிவான மறுப்பும் வந்தது. வீடியோ மறுப்பைச் சொல்வதில்லை. ஒரு கட்டுரை கிடைத்தால், அதை மறுத்தவர் யார் என்று தேடிய பிறகே மேற்கோள் காட்ட விடுகிறேன்.

கடைசியாக 1908-ல் வந்த நீலகிரி கெசட்டியரிலிருந்து, அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவரநூலிலிருந்து, ஒரு பத்தியைப் படித்தேன். 1900-ல் இந்த மலையில் குறும்பர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பம் முழுவதையும் கொன்றார்கள். குடும்பத் தலைவர் மருந்து தெரிந்தவர். ஓர் ஊருக்கு நோயும் சாவும் கொண்டுவந்தவர் அவரே என்று நம்பினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

வகுப்பில் சத்தமே இல்லை. கயிற்றுக்குச் சண்டை போட்ட அந்தப் பெண்தான் கேட்டாள், "அவங்க பேரெல்லாம் அதுல இருக்கா மேம்?"

நான் படித்த பத்தியில் ஒரு பெயரும் இல்லை.