எக்ஸ்பிளாய்ட்: சுரண்டலா, கன்னமா?

கிருஷ்ணகிரியில் நான் கணினிப் பாடம் எடுக்கிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் போன வாரம் கைப்பேசியை நீட்டினான். அவன் கட்டணம் கட்டிய ரசீது. இணைய முகவரியின் கடைசியில் 4417 என்று இருந்தது. அதை 4418 ஆக்கினான். யாரோ ஒரு பெண்ணின் பெயரும் கைப்பேசி எண்ணும் திரையில் வந்து நின்றன.

“இதுதான் எக்ஸ்பிளாய்ட்டுங்களா சார்? நான் பண்ணது தப்புங்களா?”

நிரலில் நேரும் பிழை ‘பக்’. அதற்கு ‘வழு’ என்ற இலக்கணச் சொல் அழகாகப் பொருந்திவிட்டது. அந்த வழு வெளியாள் நுழைய வழிவிட்டால் ‘வல்னரபிலிட்டி’. ஓட்டை என்றாலே நம் ஊரில் புரியும். ஓட்டை வழியே புகுந்து காரியம் முடிக்கும் நிரலோ உத்தியோதான் எக்ஸ்பிளாய்ட்.

மடிப்பைப் பிரித்தல் என்னும் லத்தீன் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்த சொல் இது. அங்கே வீரச்செயலையும் குறித்தது. பிறரைத் தன்னலத்துக்குப் பயன்படுத்துவது என்ற பொருள் பின்னால் ஏறியது. அந்தப் பின்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு ‘சுரண்டல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சுரண்டல் என்றதும் கூலியைக் குறைக்கும் முதலாளிதானே நினைவுக்கு வருகிறார்?

நம்மிடம் இதைவிட நெருங்கிய சொல் உண்டு. பென்னாகரம் பக்கத்து மண்சுவர் வீட்டில் வாழ்ந்த என் பாட்டி, “ராத்திரி கன்னம் போட்டுட்டான்” என்பார். திருடன் பூட்டைத் தொடமாட்டான். பின்சுவரில் ஈரம் ஊறி இளகிய இடம் பார்த்து, கன்னக்கோலால் ஆள் நுழையும் அளவுக்குத் துளைப்பான். கடவுச்சொல்லைத் தொடாமல் உள்ளே போகிறவன் செய்வதும் அச்சு அசலாக இதுவே.

ஆனால் வீட்டுக்காரரே ஆள் வைத்துச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொன்னால் அது கன்னமாகாது. ஆகவே கருவிக்குத் ‘துளைநிரல்’ என்றும், அனுமதியில்லாமல் அதை ஓட்டுவதற்குக் ‘கன்னமிடல்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம் என்பேன்.

சட்டமும் அனுமதியைத்தான் கேட்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43: உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் கணினிக்குள் போனால், தரவை எடுத்தால், இழப்பீடு. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கதவு திறந்தே கிடந்தது என்பதற்கு அங்கே விலக்கு இல்லை. அமெரிக்காவில் நல்லெண்ண ஆய்வாளர்கள் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று அந்நாட்டு அரசின் நீதித்துறை (நீதிமன்றமல்ல) 2022 மே மாதம் கொள்கை வகுத்தது. அதுவும் சட்டத் திருத்தமல்ல.

அதற்காக ஓட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வதும் நியாயமில்லை. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் பரவியது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே ஓட்டையை அடைக்கும் ஒட்டு நிரல் கொடுத்திருந்தும், அதைப் போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன. அந்தத் துளைநிரல் அமெரிக்க உளவு அமைப்பிடம் ரகசியமாக இருந்து கசிந்தது என்றே பரவலாகக் கருதப்படுகிறது.

பையனிடம், “4419-ஐத் தொடாதே. பார்த்ததை அழித்துவிட்டு அந்த இணையதளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுது. அசையாவிட்டால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதலாம்” என்றேன். எழுதினான். பதில் வரவில்லை.

“ஆனா இப்போ 4418 போட்டா லாகின் கேக்குதுங்க சார்.”

“திரும்பவும் போட்டுப் பார்த்தியா?”

தலையைச் சொறிந்தான்.