போஸ்ட்கிரெஸ் லாக் கோப்புகள்: பெயர் வைப்பதும் சுழற்றுவதும்

யாருடைய கடவுச்சொல் தவறியது, எந்த வினவல் பிழையில் முடிந்தது, சர்வர் எப்போது நின்று மீண்டும் எழுந்தது என்பதையெல்லாம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள சர்வர் லாக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கோப்பு கட்டுக்கடங்காமல் பெருத்து, தரவு இருக்கும் அதே டிஸ்க்கை நிரப்பிவிட்டால், பரிவர்த்தனைகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் டபிள்யூஏஎல் கோப்புகளுக்கும் இடமில்லாமல் போய், சர்வரே நின்றுவிடக்கூடும். ஆகவே லாக் கோப்புக்கு என்ன பெயர், அது எப்போது மாறும் என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும் என்பேன்.

லாகிங்_கலெக்டர் என்ற அமைப்பை இயக்கினால், சர்வரின் மற்ற புராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) அனுப்பும் செய்திகளை வாங்கிக் கோப்பில் எழுதுவதற்கென்றே கலெக்டர் என்ற தனி புராசஸ் ஒன்று பின்னணியில் ஓடத் தொடங்கும். அதை இயக்க சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். கோப்பின் பெயரை லாக்_ஃபைல்நேம் அமைப்பில் ஓர் அச்சாகக் கொடுக்கிறோம். அதில் விழுக்காட்டுக் குறியை அடுத்து வரும் எழுத்துகளின் இடத்தில் ஆண்டு, மாதம், நாள், மணி ஆகியவை வந்து அமரும். இயல்பான அச்சின்படி, 2024 மார்ச் 11 நள்ளிரவில் திறக்கும் கோப்பு ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்-2024-03-11_000000.லாக்’ என்று பெயர் பெறும். 24 மணி நேரம் அல்லது 10 எம்பி, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது புதிய கோப்பு திறக்கும்.

இந்த அச்சில் எந்தப் பெயரும் மறுபடி வராது. போஸ்ட்கிரெஸும் பழைய கோப்புகளைத் தானாக அழிப்பதில்லை. எனவே அவை குவிந்துகொண்டே போகும். தேதிக்குப் பதிலாகக் கிழமையை மட்டும் அச்சில் வைத்தால், அடுத்த திங்கட்கிழமை பழைய திங்களின் பெயரே திரும்பி வருகிறது. அப்போது லாக்_ட்ரன்கேட்_ஆன்_ரொட்டேஷன் இயக்கத்தில் இருந்தால், பழைய கோப்பு வெறுமையாக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படும். ஏழே கோப்புகளில் ஒரு வாரம் அடங்கிவிடும். அந்த அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதால், அதை மறந்தவருக்குப் பழைய திங்களின் அடியிலேயே புதிய திங்கள் ஒட்டிக்கொள்ளும்.

நுட்பம் இங்கேதான் இருக்கிறது. நேரம் வந்து கோப்பு மாறும்போது மட்டுமே இந்த வெறுமையாக்கல் நடக்கும்; அளவு மீறி மாறும்போதோ, சர்வர் தொடங்கும்போதோ நடக்காது. அது சரியான முடிவே, ஏனெனில் சர்வர் விழுந்து எழுந்த வேளையில் நமக்கு மிகவும் தேவைப்படுவது அதற்குச் சற்று முன் எழுதிய வரிகள்தாம். ஆனால் கிழமைப் பெயர் வைத்த கோப்பில் அளவு வரம்பு செல்லாக்காசாகிவிடுகிறது: வரம்பு மீறியதும் திறக்கும் ‘புதிய’ கோப்புக்கும் அதே பெயர் என்பதால் எழுத்து அதிலேயே தொடரும். மணிக்கொருமுறை கோப்பு மாறும்படி வைத்து, அச்சில் மணியோடு நிமிடத்தையும் சேர்த்தால், 14:00 மணிக் கோப்பு நிறைந்ததும் 14:37க்கு வேறு கோப்பு பிறக்கும். ஆனால் அந்த 14:37 கோப்பை மறுநாள் எதுவும் வெறுமையாக்காது. நாம்தான் அகற்ற வேண்டும்.

எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பைக் கையால் அழிப்பதும் பயன் தராது. லினக்ஸில் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் அதைப் பெயரால் அன்றி உள் எண்ணால் பிடித்திருப்பதால், பெயர் மறைந்தாலும் எழுத்து தொடரும், இடமும் திரும்பாது. பிஜி_ரொட்டேட்_லாக்ஃபைல் என்ற செயல்கூறை அழைத்தால் கலெக்டர் தானே கோப்பை மாற்றிக்கொள்ளும்.

அழிப்பதில் இன்னொரு அபாயமும் இருந்தது. டபிள்யூஏஎல் கோப்புகளை வைத்திருந்த பிஜி_எக்ஸ்லாக், பரிவர்த்தனைகளின் நிலையை வைத்திருந்த பிஜி_கிலாக் என்ற கோப்புறைகளின் பெயரில் ‘லாக்’ இருந்ததைக் கண்டு, வெறும் பதிவுகள் என்று எண்ணி அவற்றை அழித்துத் தரவையே இழந்தவர்கள் உண்டு. அதனால் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அவை பிஜி_வால், பிஜி_எக்ஸாக்ட் என மாற்றப்பட்டன.

பெயர் அச்சை மாற்ற சர்வரை நிறுத்தத் தேவையில்லை. அமைப்புகளை மறுஏற்றம் செய்தாலே கலெக்டர் உடனே புதிய பெயரில் கோப்பைத் திறக்கும். எந்தக் கோப்பில் இப்போது எழுதப்படுகிறது என்பதை பிஜி_கரன்ட்_லாக்ஃபைல் என்று வினவி அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.